அரச குடும்பத்தவரின் நாட்குறிப்பும் திருகோணமலைத் துறைமுகமும்: ஓர் ஐயநோக்கு

அரச குடும்பத்தைச் சேர்ந்தோர் எழுதிய, அல்லது அவர்தம் பெயரால் எழுதப்பட்ட, தன்வரலாறுகளும் நாட்குறிப்புகளும் வரலாற்று மாணவனுக்கு இருவகையிற் பயன்படுவன. ஆட்சிபீடத்தினுள்ளே நிகழ்ந்தவற்றை அவை ஓரளவு வெளிக்கொணர்கின்றன. அப்பீடத்தில் அமர்ந்திருந்தோர் எவற்றைக் காணவில்லை, எவற்றைக் காண்பது தமக்குரிய வேலையன்று எனக் கருதினர் என்பதையும் அவை தம்மையறியாமலே புலப்படுத்துகின்றன. இரண்டாவது பயனே முதலாவதினும் பெரிதென்பது எமது துணிபு. அதனை நிறுவும் பொருட்டு, எமது தீவின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலைத் துறைமுகத்தோடு தொடர்புடைய ஒரு நூலை இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

லூயி மவுண்ட்பேற்றன் பிரபு 1943 முதல் 1946 வரை தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் அதியுயர் தளபதியாக இருந்த காலத்து நாட்குறிப்பே அந்நூல். பிலிப் சீக்லர் என்பவரால் தொகுக்கப்பட்டு 1988இல் வெளிவந்தது. மவுண்ட்பேற்றன் விக்டோரியா மகாராணியாரின் கொள்ளுப்பேரன். எடின்பரோ கோமகன் பிலிப்பின் தாய்மாமன். இந்தியாவின் இறுதி வைசிராய். 1979 ஓகஸ்ட் 27ஆந் திகதி அயர்லாந்துக் கரையிற் படகிலிருந்தபோது குண்டுவெடிப்பிற் கொல்லப்பட்டார்.

இந்நூல் எமக்கு அயலானதொன்றன்று. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றனின் தலைமையகம் தில்லியிலிருந்து கண்டிக்கு இடம்பெயர்ந்து பேராதனைப் பூங்காவில் அமைந்தது. பத்தாண்டுகளின் பின், 1954 ஏப்ரல் 20ஆந் திகதி, அப்பூங்காவுக்கு அயலிலமைந்த பல்கலைக்கழகத்தை இரண்டாம் எலிசபெத் அரசியார் முன்னிலையிற் சம்பிரதாயபூர்வமாகத் திறந்துவைத்தவர் அதே மவுண்ட்பேற்றனின் மருமகனான எடின்பரோ கோமகன். அரச குடும்பத்தின் நினைவுகளுள் எமது நிலப்பரப்பு இவ்வாறு இடம்பிடித்திருக்கின்றது. அந்நினைவுகளுள் எமது மக்கள் எவ்வாறு இடம்பெறுகின்றனர் என்பதே எமது வினா.

1. நூலை அணுகும் முறை

நாட்குறிப்பு என்றவுடன், ஒருவன் தன் மனச்சான்றோடு தனித்திருந்து எழுதிய அந்தரங்க ஏடு என்னும் எண்ணம் எழுவதியல்பு. மவுண்ட்பேற்றனின் நாட்குறிப்பு அத்தகையதன்று. நெருங்கிய உறவினர் வாசிப்பதற்கெனச் சொல்லி எழுதுவிக்கப்பட்டது அது. எனவே அது பிறந்தபோதே அவையொன்றை முன்னிறுத்திப் பிறந்தது. எழுதுவோன் தன்னைக் காணும் முறையினும், தன்னைப் பிறர் எவ்வாறு காணவேண்டுமென விரும்பினான் என்பதே இதில் மேலோங்கி நிற்கின்றது. பயணங்கள், ஆலோசனைக் கூட்டங்கள், விருந்துகள், படையணிகளைப் பார்வையிடல் ஆகியவற்றாற் பெரும்பாலான பக்கங்கள் நிரம்பியிருத்தல் இதனால் வியப்புக்குரியதன்று.

அடுத்து நோக்கவேண்டியது காலம். நிகழ்ச்சிகளுக்கும் நூல் வெளியீட்டுக்குமிடையில் நாற்பதாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. அவ்விடைக்காலத்தில் மவுண்ட்பேற்றன் தமது வரலாற்றைத் தாமே வடிவமைப்பதில் அயராது ஈடுபட்டிருந்தார். அவர் கூட்டுப்படைத் தலைவர்களுக்கு அளித்த அறிக்கை 1951இல் அச்சாகியது. 1969இல் அவரது வாழ்க்கை பற்றிய தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாகியது. 1975இல் வெளிவந்து உலகெங்கும் விற்பனையான கொலின்ஸ், லாப்பியர் ஆகியோரின் இந்திய விடுதலை பற்றிய நூல் பெரிதும் அவரது வாய்மொழியை நம்பி எழுதப்பட்டது. இவற்றையெல்லாம் வாசித்துப் பழகிய ஒருவன் 1988இல் நாட்குறிப்பைக் கையிலெடுக்கும்போது, அதன் கதாநாயகனை முன்னரே அறிந்தவனாகின்றான். அறிந்தது எவரிடமிருந்து என்பதை மறந்துவிடுகின்றான்.

எமது ஐயத்துக்கு அரணாக எதிராளி ஒருவரைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. 1985இல் வெளிவந்த அதிகாரபூர்வ வாழ்க்கை வரலாற்றை எழுதிய அதே சீக்லரே, தமது சாதனைகளைப் பெரிதாகக் காட்டும்பொருட்டு உண்மைகளைப் பொருட்படுத்தாது வரலாற்றை மாற்றியெழுத மவுண்ட்பேற்றன் முற்பட்டார் என்னும் கருத்துப்பட எழுதியுள்ளார். எழுதுகையில் எழுந்த சினத்தை அடக்குவதற்கு, இவை யாவற்றுக்கும் அப்பால் இவர் பெரிய மனிதர் என்பதை மறவாதே எனத் தமக்குத் தாமே ஒரு நினைவுக்குறிப்பை மேசைமேல் வைத்திருக்க நேர்ந்ததென்பதையும் அவரே வெளியிட்டுள்ளார். 1992இல், இந்திய எல்லைக் குழுவிற் சிரில் ராட்கிளிஃபின் செயலாளராயிருந்த கிறிஸ்தோபர் போமன்ட், பஞ்சாப் எல்லைக்கோடு மவுண்ட்பேற்றனின் தலையீட்டால் மாற்றப்பட்டதென வெளிப்படையாகக் கூறினார். அக்கூற்று இன்றும் விவாதத்துக்குரியதாயினும், மவுண்ட்பேற்றன் தம் வாழ்நாளில் உலகுக்கு அளித்த தன்கூற்றை இறுதிச் சாட்சியமாகக் கொள்ளலாகாது என்பதற்கு அது போதிய எச்சரிக்கை.

2. இரு கடற்படைத் தலைவர்களின் பிணக்கு

திருகோணமலை அக்காலத்தில் யாது செய்துகொண்டிருந்தது? 1942 ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பையும், ஏப்ரல் 9ஆந் திகதி திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. அதே 9ஆந் திகதி, திருகோணமலையிலிருந்து முன்னிரவே வெளியேறியிருந்த விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கிழக்குக் கடற்படையின் தளம் ஆபிரிக்கக் கரையிலுள்ள கிலிந்தினிக்குப் பின்வாங்கியது. 1944இன் தொடக்கத்திலேயே அது திருகோணமலைக்குத் திரும்பிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் சரற்றோகா, பிரான்சின் றிச்செலியூ ஆகிய கப்பல்களும் சேர்ந்த பெருந்தொகுதி இங்கிருந்து புறப்பட்டுச் சுமாத்திராவின் வடமுனையிலுள்ள சாபாங்கைத் தாக்கியது. அவ்வாண்டு நவம்பரில் அட்மிரல் புரூஸ் பிரேசரின் தலைமையிற் பிரித்தானியப் பசுபிக் கடற்படை இத்துறைமுகத்திலேயே உருவாக்கப்பட்டது.

இக்கடற்படை எவருக்குக் கீழ்ப்பட்டது என்பதில் மவுண்ட்பேற்றனுக்கும், அதன் தளபதி அட்மிரல் சொமவிலுக்குமிடையே கடும் பிணக்கு நிலவியது. தமது பிரதேசத்திலுள்ள கடற்படையும் தமக்கே கீழ்ப்பட்டதென்பது மவுண்ட்பேற்றனின் நிலைப்பாடு. கரையிறங்கும் நடவடிக்கைகள் தவிர்ந்த ஏனையவற்றில் தாம் இலண்டனிலுள்ள கடற்படைத் தலைமைக்கே பொறுப்புடையவர் என்பது சொமவிலின் நிலைப்பாடு. 1944 ஓகஸ்டிற் சொமவில் விலகிப் பிரேசர் பொறுப்பேற்றார். சொமவிலின் கடிதங்களும் குறிப்புகளும் 1995இல் வெளியானபின், இப்பிணக்கின் இரு பக்கங்களையும் ஒப்புநோக்க வாய்ப்புண்டாயிற்று.

ஒரு சாட்சியத்தை இன்னொரு சாட்சியத்தால் உரைத்துப் பார்த்தல் வரலாற்றாய்வின் முதற்பாடம். ஆயின் அப்பாடம் ஓரெல்லையுடையது. மவுண்ட்பேற்றனும் சொமவிலும் ஒருவரையொருவர் திருத்துகின்றனர். அதிகாரம் எவரிடம் என்பதிலும், தவறு எவருடையது என்பதிலும் திருத்துகின்றனர். இருவரும் ஒரே வர்க்கத்திலிருந்து, ஒரே கப்பல்தட்டிலிருந்து துறைமுகத்தை நோக்குபவர்கள். இருவருக்கும் பொதுவான மௌனத்தை எவ்விதம் திருத்துவது? ஒருவர் பொய்யை மற்றவர் வெளிப்படுத்தலாம். இருவரும் காணாததை இருவரையும் சேர்த்து வாசித்தாலுங் காணவியலாது.

எடுத்துக்காட்டாக, 1944 ஓகஸ்ட் 8ஆந் திகதி திருகோணமலையில் நிகழ்ந்த விபத்தை நோக்கலாம். கப்பல் பழுதுபார்க்கும் பெரும் மிதக்குந் தளம், வலியன்ற் என்னும் போர்க்கப்பலைத் தாங்கி நின்ற நிலையில் முறிந்து அமிழ்ந்தது. தளத்தின் நீர்த்தொட்டிகளை நிரப்பியும் வெறுமையாக்கியும் கப்பலை ஏந்தும் முறையில் நேர்ந்த தவறு அதற்குக் காரணமாயிற்று. கப்பலின் சுக்கானும் சுழலிகளும் சேதமுற்றன. அதன் பின் அக்கப்பல் போரிற் பயன்படவில்லை. கடற்படை வரலாறுகளில் இந்நிகழ்ச்சி ஒரு போர்க்கப்பலின் இழப்பாகவே பதிவாகியுள்ளது. கப்பல் பழுதுபார்க்கும் தளமென்பது இரும்பு மட்டுமன்று. சுரண்டுவோர், வர்ணம் பூசுவோர், ஒட்டுவோர், கயிறிழுப்போர், சுமப்போர் என நூற்றுக்கணக்கானோரின் அன்றாட உழைப்பு அது. தளத்தின் பெயரிலக்கமும் கப்பலின் பெயரும் வரலாற்றுக்குக் கிடைத்துள்ளன. உழைத்தோரின் பெயர்ப்பட்டியல் எந்நூலிலும் அச்சேறவில்லை.

3. துறைமுகம் தானாகத் தோன்றியதன்று

திருகோணமலை உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்பது எல்லா நூல்களும் ஒருமித்துச் சொல்லும் வாசகம். அவ்வாசகம் உண்மையே. ஆயினும் அதன் உள்ளே ஒரு தந்திரமுண்டு. 'இயற்கை' என்றவுடன் மனித உழைப்பு மறைந்துவிடுகின்றது. ஆழமான நீரும் மலைசூழ் குடாவும் இயற்கை தந்தவை. எண்ணெய்த் தாங்கிகளும், இறங்குதுறைகளும், பாதைகளும், 1927இற் கல்லோயாவிலிருந்து வந்துசேர்ந்த புகையிரதப் பாதையும் இயற்கை தந்தவையல்ல.

சீனக்குடாவின் காட்டினூடே நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளை நோக்குக. இரு உலகப் போர்களுக்கிடைப்பட்ட காலத்தில் தொடங்கி அமைக்கப்பட்ட இவற்றின் தொகை நூற்றை அண்டியது. இன்று 99 எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். காட்டை வெட்டி, நிலத்தைச் சமன்செய்து, இரும்புத் தகடுகளை ஏற்றி, ஆணியறைந்து, குழாய் பதித்து இவற்றை நிறுவியோர் யார்? மலேரியா மலிந்திருந்த அக்காலத்துக் கிழக்குக் காட்டில் இவ்வேலை எத்தகையதாயிருந்திருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானமொன்று மோதியதால் எரிந்ததெனச் சொல்லப்படும் தாங்கியின் உருகிய எச்சத்தைப் பார்க்க இன்றும் பயணிகள் செல்வர். விமானிகளைப் பற்றிய கதை நிலைத்துள்ளது. தாங்கியைக் கட்டியோரைப் பற்றிய கதை நிலைக்கவில்லை.

அதே தாக்குதலில் எரிந்த சரக்குக் கப்பலான சகாயிங் பின்னர் துறைமுகத்தினுள் அமிழ்ந்து கிடந்தது. 2018இல் இலங்கைக் கடற்படையினர் அதனை மேலே கொணர்ந்தனர். எழுபத்தைந்து ஆண்டுகள் நீருட்கிடந்த இரும்பை மீட்டெடுத்தல் இயலுமாயின், அவ்விரும்பைச் சூழவிருந்த மனிதரின் நினைவை மீட்டெடுத்தல் ஏன் இயலாது என்னும் வினா எழுகின்றது.

போர்க்காலத்து ஆவணங்களில் உள்ளூர் மக்கள் வரும் இடமொன்று உண்டு. குண்டுவீச்சையடுத்து, கொழும்பிலும் திருகோணமலையிலும் மக்கள் பெருந்தொகையாக ஊரைவிட்டு அகன்றனர். படைத்தலைமையின் கண்ணுக்கு அது ஒழுங்கின்மை, வேலையாள் இன்மை. மக்களின் பக்கத்திலிருந்து நோக்கின் அது வேறொன்று. 1942 மார்ச்சில் அட்மிரல் லேற்றன் இலங்கையின் படைத்தளபதியாக நியமிக்கப்பட்டபோது, ஆள்பதி உட்படச் சிவில் நிர்வாகம் முழுவதன்மீதும் அவருக்கு அதிகாரம் வழங்கப்பட்டது. எவரது போர் என்பது பற்றி எவரும் இம்மக்களிடம் கேட்டதில்லை. பர்மா வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அவ்வாண்டே பங்கீடு தொடங்கிற்று. குண்டும் பசியும் ஒருங்கே வரும்போது குழந்தை குட்டிகளோடு ஊரைவிட்டு நீங்குதல் கோழைத்தனமன்று; மனிதனின் இயல்பான தீர்ப்பு. மேலிருந்து எழுதப்பட்ட வரலாற்றில் தொழிலாளி இல்லாதபோதே முதன்முறையாகக் கண்ணிற் படுகின்றான் என்பது இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

4. கையெழுத்துக்குரிய கை எவருடையது?

இம்மறைப்பு மவுண்ட்பேற்றன் என்ற தனியொருவரின் குணக்கேடன்று; இவ்விலக்கிய வகைமையின் அமைப்பிலேயே உள்ளது. 1951இல் வெளியான முன்னாள் மன்னர் எட்டாம் எட்வேர்ட்டின் தன்வரலாற்றை உருவாக்கியதில் அமெரிக்கப் பத்திரிகையாளர் சார்ள்ஸ் மேர்பியின் கை பெரிது. ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவியின் 1976ஆம் ஆண்டு நூல் சாந்தா ராமராவோடு இணைந்து எழுதப்பட்டது. அங்கு துணையாசிரியரின் பெயர் வெளிப்படையாக இடம்பெற்றமை பாராட்டுக்குரியது. 2023இல் உலகெங்கும் பரபரப்பை ஏற்படுத்திய இளவரசர் ஹரியின் நூலை எழுதியவர் மொரிங்கர் என்னும் எழுத்தாளர் என்பது பரகசியம். மவுண்ட்பேற்றன் சொல்ல, எழுதியது இன்னொரு கை.

அரண்மனையைப் பிறர் கட்டினர். துறைமுகத்தைப் பிறர் கட்டினர். அவற்றைப் பற்றிய நூலையும் பிறரே எழுதினர். 'நான்' என்னும் சொல் மட்டும் உரிமையாளருடையது. உழைப்பைப் பிறரிடம் பெற்றுப் பெயரைத் தமதாக்கிக்கொள்ளும் உறவு, கோட்டை மதிலிலிருந்து புத்தக அட்டை வரை ஒரே தன்மையது. திருகோணமலைக் கோட்டையின் பெயரே இதற்குச் சான்று பகர்கின்றது. 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு எழுப்பிய கோட்டை, ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர் எனக் கைமாறி 1795இற் பிரித்தானியர் வசமாயிற்று. 1803இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மகனான யோர்க் கோமகன் பிரெடெரிக்கின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கல்லைச் செதுக்கியோர் ஒரு சாரார். அதை இடித்துச் சுமந்தோர் ஒரு சாரார். பெயர் கடல்கடந்த இளவரசருடையது.

5. எமது மரபும் விலக்கன்று

இவ்விடத்து எம்மை நாமே வினவிக்கொள்ளல் வேண்டும். பிறநாட்டு அரச குடும்பத்தின் நினைவுகளை ஐயுறும் நாம், எமது மன்னர்பற்றிய மரபுகளை ஐயமின்றி ஏற்பதாயின் எமது ஐயம் வெறும் பகைமையாகிவிடும். கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலைத் திருப்பணி செய்ததையும், கந்தளாய்க் குளத்தை அமைத்ததையும் கூறுகின்றது. பாளி நூல்கள் அக்குளத்தோடு வேறு மன்னர்களைத் தொடர்புபடுத்துகின்றன. எந்த மன்னன் கட்டினான் என்பதில் இரு மரபினரும் வாதிடுகின்றனர். மன்னன் குளங்கட்டுவதில்லை, மக்களே கட்டுகின்றனர் என்பதில் இரு சாராரும் ஒருங்கே மௌனஞ் சாதிக்கின்றனர். மவுண்ட்பேற்றனும் சொமவிலும் சாதித்த அதே மௌனம் இது.

எனினும் கோணேசர் கல்வெட்டில் ஒரு வேறுபாடு உண்டு. தானத்தார், வரிப்பத்தார் முதலிய குழுவினர் கோயிலுக்குச் செய்யவேண்டிய தொழில்களை அது விரித்துரைக்கின்றது. உழைப்போர் அங்கு பெயரளவிலேனும் வருகின்றனர். ஏன் வருகின்றனர்? அவர்தம் பெருமையைப் பாடுதற்கன்று. அவர்தம் கடமையை வரையறுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பிணித்து வைப்பதற்கே வருகின்றனர். இதிலிருந்து பொதுவான ஒரு முடிவுக்கு நாம் வரலாம். ஆளுவோரின் ஆவணத்தில் உழைப்பாளி தோன்றுவது அவனைக் கட்டுப்படுத்தவேண்டிய தேவை எழும்போதே. கடமைப் பட்டியல், கூலிப் பட்டியல், ஓடியோர் பட்டியல், நீக்கப்பட்டோர் பட்டியல் என்பன அத்தகையன. நினைவுக்குறிப்பு என்னும் வகைமைக்கு அத்தேவை இல்லை; ஆதலால் அதில் அவன் தோன்றுவதுமில்லை.

6. நீக்கப்பட்டோர்

இம்முடிவு திருகோணமலையில் எவ்வளவு கொடூரமாக மெய்ப்பட்டதென்பதைப் பின்வந்த வரலாறு காட்டுகின்றது. 1947 நவம்பர் 11ஆந் திகதிய பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, சுதந்திரத்தின் பின்னரும் பிரித்தானியக் கடற்படை இங்கு நிலைகொண்டிருந்தது. 1956இற் பதவிக்கு வந்த பண்டாரநாயக்கா அரசாங்கம் தளங்களை மீளப்பெற்றது. 1957 ஒக்டோபர் 15ஆந் திகதி திருகோணமலைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஏகாதிபத்திய எதிர்ப்பாளர் யாவரும் அதனை வரவேற்றனர். வரவேற்றது முற்றிலும் நியாயமே.

ஆயின் தளம் மூடப்பட்டபோது நானூறுக்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் வேலையிழந்தனர். அவர்களைப் பொலன்னறுவைப் பகுதியிற் குடியேற்ற அரசாங்கம் முன்வைத்த திட்டம் அங்கு கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. குடியேறவிருந்தோரைத் தடுப்பதற்கெனக் கூட்டங்கள் திரண்டன. பண்டாரநாயக்கா-செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்ரலிற் கைவிடப்பட்டதோடு ஏனைய பதற்றங்களும் சேர்ந்து, அவ்வாண்டு மே மாதத்தில் நாடெங்கும் வெடித்த இன வன்செயலுக்கு முற்பட்ட நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்றாயிற்று. போரின்போது எந்த நாட்குறிப்பிலும் பொருளாகாத மனிதர்கள், போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின் திடீரென அனைவரது வாயிலும் வந்தனர். அப்போதும் அவர்கள் கடற்படைத் தளத்தைக் கட்டிக்காத்த தொழிலாளராக வரவில்லை. குடித்தொகைக் கணக்கின் ஓர் எண்ணாக, எதிரி இனத்தின் முன்னணிப் படையாக வந்தனர்.

இங்கு முற்போக்காளராகிய நாமும் பொறுப்பினின்று விலகவியலாது. தளம் வெளியேறவேண்டுமெனக் கோரியபோது, தளத்தில் உழைத்தோர் எங்கே செல்வர் என்பதை எமது கோரிக்கையின் பகுதியாக நாம் ஆக்கினோமில்லை. தேசிய விடுதலை என்னும் பெருஞ்சொல்லின் கீழ் அவர்களும் மறைந்துபோயினர். அவர்களைத் தொழிலாளராக முதலில் எழுதி வைத்திருப்போமாயின், அவர்களை வெறும் இனத்தவராக எண்ணி விரட்டுவது சற்றேனும் கடினமாக இருந்திருக்கும். வரலாற்றெழுத்தில் விடப்படும் இடைவெளி ஏட்டுக் குறைபாடு மட்டுமன்று என நாம் வற்புறுத்துவது இதனாலேயே. பதிவு செய்யப்படாதோர் எளிதில் இடம்பெயர்க்கப்படுவர்.

அந்நிலை முற்றாக மாறிவிடவில்லை. 1987 ஜூலை 29ஆந் திகதி இலங்கை-இந்திய உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்த் தாங்கிகளும் பேசப்பட்டன. 2003இல் தாங்கிகள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையிடம் குத்தகைக்கு விடப்பட்டன. 2022 ஜனவரியில் 14 தாங்கிகள் அந்நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு முயற்சிக்கு எனப் பங்கிடப்பட்டன. 2025 ஏப்ரலிற் திருகோணமலையை ஆற்றல் மையமாக்கும் புரிந்துணர்வு இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியவற்றுக்கிடையே கைச்சாத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் தாங்கிகள் துல்லியமாக எண்ணப்படுகின்றன. சீனக்குடாவிலும் கப்பல்துறையிலும் வாழும் மக்கள் அத்துணைத் துல்லியமாக எவராலும் வினவப்படுவதில்லை. அதியுயர் தளபதியின் நாட்குறிப்புக்குரிய பார்வை, நாட்குறிப்பு முடிந்தபின்னும் தொடர்கின்றது.

7. முடிவுரை

மவுண்ட்பேற்றனின் நூலை வாசிக்கவேண்டாமென நாம் கூறவில்லை. அவரது சமகாலத்துப் பிரித்தானிய அதிகாரிகள் பலரினும் அவர் சில வேளைகளிற் பரந்த நோக்குடையவராயிருந்தார் என்பதை மறுத்தல் நேர்மையன்று. 1945இற் பர்மாவில் ஆங் சானின் படையோடு ஒத்துழைக்கவேண்டுமென, தம்மைச் சார்ந்தோரின் எதிர்ப்பையும் மீறி அவர் எடுத்த முடிவு அதற்குச் சான்று. போரின் உயர்மட்ட முடிவுகளை அறிய அந்நாட்குறிப்பு இன்றியமையாதது. அதனை வாசிக்குமிடத்து, யாருக்காக எழுதப்பட்டது, எப்போது வெளியிடப்பட்டது, இதற்கு மாற்றுச் சாட்சி யார், மாற்றுச் சாட்சிக்கும் இதற்கும் பொதுவான மௌனம் எது என்னும் நான்கு வினாக்களையும் விடாது கேட்டல் வேண்டும். முதல் மூன்றும் வரலாற்று மாணவர் யாவரும் அறிந்தவை. நான்காவதே எமக்கு உரியது.

அதற்கான விடை இலண்டனின் ஆவணக் காப்பகங்களில் மட்டும் கிடைக்கப்போவதில்லை. பழைய பெட்டிகளுள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் வேலைநீக்கப் பத்திரங்கள், சம்பளத் துண்டுகள், தொழிற்சங்கக் குறிப்பேடுகள், பாடசாலை இடாப்புகளில் தகப்பன் தொழில் என்னும் நிரலில் எழுதப்பட்ட ஒற்றைச் சொற்கள், கோயில் உபயப் பட்டியல்கள், பாட்டன் சொன்னதாகப் பேரன் சொல்லும் கதைகள் ஆகியவையே எமது மூலங்கள். இடப்பெயர்வும் போரும் இவற்றுட் பலவற்றை அழித்துவிட்டன. எஞ்சியவையும் நாளுக்கு நாள் அருகி வருகின்றன. தளத்தில் உழைத்தவர்களை நேரிற் கண்டு கேட்கும் வாய்ப்பு ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவர்தம் பிள்ளைகளைக் கேட்கும் வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளே நீடிக்கும். திருகோணமலை மாவட்டத்திலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு வரும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு குடும்பத்தின் நினைவையேனும் எழுதிக்கொண்டு வருவாராயின், அதுவே ஒரு நூலகத்தின் தொடக்கமாகும்.

நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில், இறந்த படையினரின் பெயர்கள் கல்லிற் செவ்வனே பொறிக்கப்பட்டுப் பேணப்படுகின்றன. அது முறையே, அவர்களும் எவரோ பெற்ற பிள்ளைகள். ஆனால் அவர்தம் கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பியோருக்கும், துருவைச் சுரண்டியோருக்கும் அத்தகைய கல்லில்லை. அவர்களுக்குரிய பெயர்ப்பட்டியலைத் தொகுக்கும் பணி எம்முடையது. அது தொடங்கப்படும்வரை, அரச குடும்பத்தவரின் நூல்கள் எமது துறைமுகத்தைப் பற்றிய ஒரே நினைவாக நிலைத்திருக்கும்.